ஒருமுறை கேட்டால் போதும் என்று இருக்கட்டும்

தமிழ்நாட்டுக் கல்லூரி முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் மதுரை மாவட்டத்தில் ஓர் அஞ்சலகத்தில் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். என் மகன் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல், தமிழ் வழியில், கடைசி வருடம் படிக்கிறான். அவனுக்குக் கற்றல் குறைபாடு உண்டு. டிஸ்லெக்சியா (படிப்பதில் சிரமம்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்) இரண்டும் இருப்பதாகச் சான்றிதழில் எழுதியிருக்கிறது. இந்த ஏப்ரலோடு அவன் படிப்பு முடிகிறது, அதனால் இந்த மடலால் அவனுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. வரும் ஜூனில் உங்கள் வாசலுக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

அவன் ஆறாம் வகுப்பு படிக்கும்போதுதான் இன்னதென்று எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை சோம்பேறி, விளையாட்டுப் புத்தி, கவனம் போதாது என்றே எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். ஸ்கேலால் அடித்தும் இருக்கிறேன். இரண்டாம் வகுப்பில் அவன் கேட்ட ஒரு கேள்வியை அன்றைக்கே நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். 'செடி' என்று எழுதச் சொன்னேன். முதலில் ச போட்டு, அதற்குப் பின்னால் கொம்பு போட்டு, அப்புறம் டி போட்டான். கொம்பு முன்னால் வரணும்டா என்றேன். "சொல்லும்போது ச-தானேம்மா முதல்ல கேக்குது, கொம்பு எப்படி முன்னால போகும்?" என்றான். இப்போது யோசித்தால் அவன் கேட்டது நியாயமான கேள்விதான். செ, சே, சை எல்லாவற்றிலும் குறி முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. நம் கண் அதைத் தானாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறது. அவன் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து திருப்ப வேண்டியிருக்கிறது. ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் இன்றைக்கும் அவனை விட்டபாடில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துபோகும்.

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் சலுகைகள் அவனுக்குக் கிடைத்தன. கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு. தலைமையாசிரியர் அறைக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் நான் எடுத்த அரைநாள் விடுப்புகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் வழி என்று ஒன்று இருந்தது. யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் படிவம், எந்தத் தேதிக்குள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அப்புறம், கேட்டவள் நான். அவன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

கல்லூரியில் சேர்ந்த அன்று பேருந்து நிலையத்திலேயே சொல்லிவிட்டான். "நீங்க உள்ள வந்து யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்கம்மா. இங்க யாருக்கும் என்னைத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்." பள்ளியில் அவனுக்கு 'எக்ஸ்ட்ரா டைமு' என்று பட்டப்பெயர் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு வருடம் அந்தப் பெயரைச் சுமந்திருக்கிறான், வீட்டில் மூச்சு விடவில்லை. நான் வாசலோடு திரும்பிவிட்டேன். தப்பு செய்தேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சேர்க்கைப் படிவத்தில் மாற்றுத்திறனாளியா என்று ஒரு கட்டம் இருந்தது. அவன் அதை நிரப்பவில்லை. நிரப்பியிருந்தாலும் அது இடஒதுக்கீட்டுக்கான கட்டம்தான். சேர்ந்த பிறகு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் வரி அந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை. பள்ளியில் இருந்த விவரம் பள்ளியோடு நின்றுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு விலக்கு வாங்கியவன், கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலத்தை நான்கு பருவம் எழுத வேண்டும் என்று முதல் வாரத்தில்தான் அறிந்தான். முதல் பருவத் தேர்வில் இரண்டு அரியர் விழுந்தது, ஆங்கிலமும் வேதியியலும். என்னிடம் சொல்லவே இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு நர்சரி கார்டனில் வேலைக்குப் போகிறேன் என்று ஒருநாள் வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அவனைக் காப்பாற்றியது அவன் துறையில் இருந்த ஒரு பேராசிரியை. அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தாவரவியல் ஆய்வகத்தில் தண்டை பிளேடால் மெல்லிசாகக் குறுக்கே சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சீவல் தடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. என் மகன் சீவினால் வெங்காயத்தாள் மாதிரி வரும் என்று அவன் நண்பர்கள் சொல்வார்கள். தேர்வுக்கு முதல் நாள் வகுப்பில் பாதிப் பேர் அவனிடம்தான் பழகிக்கொள்வார்களாம். ரெக்கார்டு நோட்டில் அவன் வரைந்த இருவிதையிலைத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை நானே பார்த்திருக்கிறேன். பென்சிலால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக வரைந்திருந்தான். பக்கத்தில் பாகங்களின் பெயர்: 'புறணி' என்று வர வேண்டிய இடத்தில் 'புரனி', 'வாஸ்குலார் கற்றை' என்று வர வேண்டிய இடத்தில் 'வாஸ்குளார் கறறை'. படத்தின் மேலேயே சிவப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி, 'மறுபடி எழுதி வா' என்று. மூன்று தடவை எழுதினான். மூன்றாம் தடவை பழைய பிழை போய் வேறு பிழை வந்திருந்தது.

செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்வி கேட்டபோதுதான் அந்தப் பேராசிரியை கவனித்திருக்கிறார். புறணியில் என்ன சேமிக்கப்படுகிறது, ஒருவிதையிலைத் தண்டில் கற்றைகள் ஏன் சிதறிக் கிடக்கின்றன என்று கேட்கக் கேட்க, தடங்கலில்லாமல் சொல்லியிருக்கிறான். அவர் அவனுடைய விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "இவ்வளவு தெரிஞ்சும் இதுல ஏன்ப்பா ஒண்ணுமே எழுதல?" என்று கேட்டார். கண்டிப்பதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கல்லூரியில் அதுவரை ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவன் முதல்முறையாகத் தானே வாய் திறந்து சொன்னான்.

அதற்கப்புறம் சான்றிதழ் படலம். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை 14 வயதில் ஒருமுறையும் 18 வயதில் ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 18 வயதில் கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும் என்று இருந்தது. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளைகளுக்கு 18 வயது எப்போது ஆகிறது? சரியாகக் கல்லூரியில் காலடி வைக்கும் நேரத்தில். பழைய சான்று செல்லாது, புதுச் சான்றுக்கு மருத்துவக் குழு தேதி கொடுக்க மூன்று மாதம், அந்த மூன்று மாதத்துக்குள் இரண்டு உள்மதிப்பீட்டுத் தேர்வுகள். பழைய சான்றை வைத்துக்கொண்டு தற்காலிகமாக அனுமதியுங்கள், புதியது வந்ததும் இணைத்துவிடுகிறோம் என்று கேட்டோம். அலுவலகத்தில் முடியாது என்று சொல்லவில்லை. இதற்கு யார் கையெழுத்துப் போடுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இரண்டாம் பருவத்தில் ஒருவழியாக அனுமதி வந்தது. மூன்றாம் பருவத்தில் அந்தப் பேராசிரியை ஓய்வு பெற்றார். எல்லாம் அழிந்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். புது விண்ணப்பம், மறுபடி சான்றிதழ் நகல், வகுப்பு ஆசிரியர் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, பிறகு பல்கலைக்கழகம். ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் இவன் நின்று தன் குறையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு மேசையில், பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய் என்றார்களாம். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

நான் உங்களிடம் கேட்பதன் சாரம் இதுதான்: இந்தப் பிள்ளைகள் ஒருமுறை கேட்டால் போதும் என்று ஆக்குங்கள். சேர்க்கையின்போது ஒரு நாள், ஒரு நபரிடம், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லட்டும். அந்த நபரின் பெயரும் அறை எண்ணும் சேர்க்கைக் கடிதத்திலேயே அச்சாகி இருக்கட்டும். அவர் எழுதித் தரும் ஒரு கடிதம் ஆறு பருவத்துக்கும், எல்லாத் தாளுக்கும், எல்லா ஆசிரியர்களுக்கும் செல்லட்டும். அவர் மாறுதலாகிப் போனாலும் அந்தக் கடிதம் கோப்பில் இருக்கட்டும்.

உள்மதிப்பீட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பருவத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுக்கும் கல்லூரியிலேயே உள்தேர்வில் கொடுப்பதில்லை. "அதெல்லாம் யுனிவர்சிட்டி எக்ஸாமுக்குத்தான்" என்று என் மகனிடம் சொன்னார்கள். நூற்றுக்கு 25 மதிப்பெண் உள்ளேதான் இருக்கிறது. ஒரு மணி நேரத் தேர்வில் கேள்வித்தாளைப் படித்து முடிக்கவே அவனுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அதையும் இரண்டு தடவை படித்தால்தான் நம்பி எழுதுவான். ஐந்து கேள்வியில் மூன்று எழுதும்போது மணி அடித்துவிடும். அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். தட்டச்சு செய்து கொடுத்தால் நகல் அடித்ததாகச் சந்தேகம். அப்படிச் சந்தேகம் வந்தால் கூப்பிட்டு வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். அவனுக்கு அதைவிடச் சந்தோஷமான தேர்வு வேறு கிடையாது.

சொல்வதை எழுதுபவர் விஷயத்தில் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. மூன்றாம் பருவத்தில் தேர்வு நாள் காலையில் ஒரு முதலாண்டு வணிகவியல் மாணவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நல்ல பையன், பாவம். அவனுக்குத் தாவரவியல் சொற்கள் புதிது. என் மகன் 'புறணி' என்று சொன்னதும் அந்தப் பையன் நிமிர்ந்து, "அண்ணே, எந்த ர?" என்று கேட்டிருக்கிறான். எதைத் தன்னால் எழுத முடியாது என்பதற்காக ஓர் ஆளை வைத்தார்களோ, அதையே அந்த ஆள் இவனிடம் திருப்பிக் கேட்கிறான். மூன்று மணி நேரமும் அப்படியே போனது. எழுதுபவர் தேர்வரைவிடக் குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி, அதன் காரணமும் எனக்குப் புரிகிறது. ஆனால் எழுத்துத் தேர்வுகளுக்காக 2018 ஆகஸ்டில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில், தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தேர்வர் எழுதுபவரைச் சந்தித்துப் பொருத்தமானவர்தானா என்று பார்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் இருந்தது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பதும் அதில்தான் இருந்தது. இரண்டு நாள் கிடைத்திருந்தால் பாடச்சொற்கள் ஐம்பதை அந்தப் பையனிடம் அச்சடித்துக் கொடுத்துப் பழக்கியிருப்போம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களில் பத்துப் பேரை வருட ஆரம்பத்திலேயே இதற்கென்று தயார் செய்ய எந்தக் கல்லூரிக்கும் தனி நிதி வேண்டியதில்லை.

நான் புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியபோது இவர்களையும் சேர்த்தது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடம் தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டம்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்ட விதிமுறைகளிலேயே இத்தகைய மாணவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நேரம், எழுத்துப் பிழைகளை விட்டுவிடுதல், எழுதித் தர ஆள், இரண்டு மொழிகளில் ஒன்றுக்கு விலக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் கல்லூரி அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வராது. ஆனாலும் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தால் எழுத முடிந்ததை மற்றவையும் எழுதலாம் இல்லையா? எழுதி வைத்திருக்கும் இடங்களில், அதை அச்சடித்து ஒவ்வொரு துறைக்கும் அனுப்புங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

உச்ச நீதிமன்றத்தில் 2021-இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில், எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் ஒருவருக்கு 40 சதவீதக் கணக்கு இல்லை என்று காரணம் காட்டி எழுத ஆள் மறுக்கக் கூடாது என்றது. நவம்பரில் வந்தது அவ்னி பிரகாஷ் வழக்கு. டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவி நீட் எழுதப் போனார். கூடுதல் ஒரு மணி நேரம் அவருக்கு உரியது. தேர்வு மையம் கொடுக்காமல் விடைத்தாளை வாங்கிவிட்டது. செய்தது தவறு என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் அவருக்காக மறுதேர்வு நடத்தச் சொல்லவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை. நாட்டின் பெரிய நீதிமன்றம் வரை போய் உன் பக்கம் நியாயம் என்று சொல்ல வைத்தும், அந்த ஒரு மணி நேரத்தை யாராலும் அந்தப் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. தேர்வறையில் நிற்கும் கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். எங்கள் நாலாம் பருவத்திலும் கண்காணிப்பாளருக்குத் தகவல் போகவில்லை. என் மகன் இருபது நிமிடம் வராண்டாவில் நின்றான், நேரம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

உங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் இருக்கும், அது எனக்கும் தெரியும். சான்றிதழை விலைக்கு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டே, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா என்று. பொய்ச் சான்று இருந்தால் பிடியுங்கள், நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் நான் வேலை பார்க்கும் கவுண்டருக்கு ஒருநாளைக்குப் பத்துப் பேராவது படிவத்தை நீட்டி, "இத எழுதிக் கொடும்மா" என்று வருகிறார்கள். கண்ணாடி மறந்து வந்தவர், கை நடுங்குகிறவர், படிக்கத் தெரியாதவர், எல்லோரும் உண்டு. நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். பணம் அவர்களுடையது, கணக்கு அவர்களுடையது, எழுதியது மட்டும்தான் என் கை. என் மகனின் தேர்வையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் "டிஸ்லெக்சியா பசங்க எந்திரிங்க" என்று சொல்லாதீர்கள். இது நடந்திருக்கிறது. என் மகன் எழுந்திருக்கவில்லை. அதனால் அந்தப் பருவம் பாடக்குறிப்பின் ஒலிப்பதிவு அவனுக்குக் கிடைக்கவில்லை. பாடக்குறிப்பை முதல் நாளே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்குமாகப் போட்டுவிடுங்கள். வேண்டியவன் போனில் வாசிக்க வைத்துக் கேட்டுக்கொள்வான், யாருக்கு எதற்கு என்ற கேள்வியே வராது. இப்போது அவன் அப்படித்தான் படிக்கிறான். பேருந்தில் போகவர ஒன்றரை மணி நேரம் காதில் மாட்டியபடி உட்கார்ந்திருப்பான், பாட்டு கேட்கிறான் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள்.

அவனுடைய இரண்டு அரியரில் வேதியியல் போன நவம்பரில் முடிந்துவிட்டது. ஆங்கிலம் இந்த ஏப்ரலில் மறுபடி எழுதுகிறான், தாள் திருத்துகிறவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் பொறுமையாகப் படிப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறாள், அவளுக்கும் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் உண்டு. பி.காம். சேர ஆசைப்படுகிறாள். "அக்கா, நீங்கதான் இதெல்லாம் பாத்தவங்க. காலேஜ்ல போய் யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். சட்டத்தின் பெயர் எழுதினேன், 18 வயதுக்கான சான்றிதழுக்கு இப்போதே தேதி வாங்கச் சொல்லி எழுதினேன், பள்ளியில் கிடைத்த அனுமதி உத்தரவின் நகலைக் கையோடு வைத்திருக்கச் சொன்னேன். யாரைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் எழுத என்னிடம் ஒரு பெயரும் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, தாளை மடித்துக் கொடுத்திருக்கிறேன். ஜூனுக்கு முன்னால் அந்தப் பெயரை நீங்கள் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் அம்மா,
மதுரை மாவட்டம்.